முறைசார் பிழை

வியாழக்கிழமை மதியம்,
கோத்தகிரியில் பஸ் நிலையத்தை ஒட்டிய மாடியில்
பல்கலைக்கழகம் எங்களுக்கு வகுப்பு வைக்கிறது.
அறுபது முடிந்தவர்களுக்கு மட்டும் சேர்க்கை.
எனக்கு அறுபத்தொன்பது.
அட்டையில் ‘மாணவர்’ என்று போட்டிருப்பதை
என் மனைவி மளிகைக் கடைக்காரரிடம் காட்டினாள்.
அவரும் நம்பவில்லை என்றதும்தான்
அவளுக்கு நிம்மதி.

அவரவர் எண்களை அவரவர் கொண்டுவர வேண்டும்,
அது சுகிர்தா மேடத்தின் விதி.
போஜன் கேரட் மூட்டைக் கணக்கு.
ஓய்வுபெற்ற நர்ஸ் எஸ்தர்
புருஷனின் ரத்த அழுத்தம், காலையும் இரவும்.
பலகையில் எழுதுமுன் மேடம் காத்திருப்பார்,
நாங்கள் மூக்குக்கண்ணாடி தேடி முடிக்கும்வரை.

நான் டைரிகள் கொண்டுபோனேன்.
முப்பத்துமூன்று வருஷம்
எஸ்டேட் தராசடியில் கொழுந்து நிறுத்தவன்.

அன்றைக்குப் பாடம், பிழை.
காற்றடித்து, கை நடுங்கி, முள் ஆடி வருகிற பிழை
இரண்டு பக்கமும் விழுமாம்.
இன்றைக்குக் கூட, நாளைக்குக் குறைய.
நாள் சேரச் சேரத் தன்னைத் தானே தின்றுவிடுமாம்.
ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்தால்
அதற்குப் பெயர் வேறு.

பின்பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.
“மழை நாள்ல ஈரக்கழிவுன்னு ரெண்டு கிலோ எடுத்தாங்க.
வெயில் நாள்லயும் எடுத்தாங்க.
அது எந்தப் பிழைங்க மேடம்?”

முகம் எனக்கு ஞாபகமில்லை.
கூடை தொங்கும்போது நான் முள்ளைத்தான் பார்த்திருக்கிறேன்.
குரல் தெரிந்தது.
நாற்பத்தொன்றாம் நம்பர்.
அவளுக்கு அடைக்கலம்மாள் என்று பெயர் இருப்பது
வருகைப் பதிவேட்டில் கேட்டும்
இத்தனை வாரம் உறைக்கவில்லை.

“தரவு வேண்டுமே அம்மா” என்றார் மேடம்.
ஜன்னல் வழியே மூடுபனி வந்து
முன்வரிசை வரை உட்கார்ந்தது.
கீழே மேட்டுப்பாளையம் பஸ் கிளம்பி,
ஆள் ஏறாமல் மறுபடி நின்றது.
“இருக்கு” என்றேன்.
எடை கூவும் அதே குரலில் வந்துவிட்டது.

மூன்று வியாழன் ஒரே பெஞ்சில்.
நான் வாசிக்க அவள் கால்குலேட்டரைத் தட்டினாள்,
இரண்டு விரலால், கொழுந்து கிள்ளுகிற வேகத்தில்.
பதினொரு டைரி.
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது நாள்.
ஐயாயிரத்து இருநூற்று எண்பது கிலோ.

மேனேஜர் சொன்னதைத்தான் செய்தேன் என்று
ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
அவள் கேட்கவில்லை.
“திட்ட விலக்கம் எவ்வளவு?” என்றுதான் கேட்டாள்.
போட்டுப் பார்த்தோம்.
தினமும் இரண்டே இரண்டு. விலக்கம் பூஜ்யம்.

அடைக்கலம்மாள் சிரித்துவிட்டாள்.
“ஒரு நாள்கூடவா கை நடுங்கல உங்களுக்கு?”

கட்டுரையை அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.
மேலே அவள் பெயர்தான் முதலில்.
அகரவரிசை, வேறொன்றுமில்லை என்று
எஸ்தரிடம் நானாகப் போய்ச் சொன்னேன்.