ரிலீப்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ரிலீப் என்றால்
வராத ஆசிரியரின் வகுப்புக்கு
வந்த ஆசிரியர் போவது.
காலை ஏழு நாற்பதுக்கு உப அதிபர்
ஒரு துண்டுக் கடதாசியில் என் பெயரை எழுதி நீட்டுவார்.
மூன்றாம் பாடம் 8 ஈ. ஆறாம் பாடம் 10 சீ.
ரிலீப், ரிலீப்.

தை மாதத்தில் தொண்டை போனது.
மாசியில் சோக்குப் பிடிக்கிற கை விறைத்தது.
ஒரு நாள் இணைகரம் என்று எழுதப் போய்
'இணை'யோடு மறந்து நின்றேன்.
நாற்பத்தாறு பிள்ளைகளும்
முதல் தடவையாக அமைதியாக இருந்தார்கள்.
அதுதான் பயமாக இருந்தது.

பம்பலப்பிட்டியில், பல் கட்டும் கடைக்கு மேலே
லியூ மெய்லின்.
கொழும்பில் பிறந்தவள், சிங்களத்தில்தான் பேசுவாள்,
எண்களை மட்டும் சீனத்தில் எண்ணுவாள்.
நாக்கை நீட்டச் சொன்னாள்.
பதினேழு வருடமாக ஊரார் நாக்குகளை
அடக்கி வந்தவள் நான், நீட்டினேன்.
ஓரமெல்லாம் பல் பதிந்திருக்கிறதாம்,
யோசித்து யோசித்து மண்ணீரல் களைத்துவிட்டதாம்.
"இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு?"
மூன்று.
"அது நுரையீரலின் நேரம். துக்கம் அங்கேதான் இருக்கும்."

உறுப்புகளுக்கும் நேரசூசி உண்டு!
ஏழு முதல் ஒன்பது இரைப்பைக்கு;
என் பாண் அப்போதும் பைக்குள்ளேயே.
பதினொன்று முதல் ஒன்று இதயத்துக்கு;
நான் 10 சீ-யில்.
சிறுநீரகத்துக்குப் பின்னேரம் ஐந்து முதல் ஏழு;
வெள்ளவத்தையில் டியூஷன்.
பன்னிரண்டு பாடவேளை, ஓய்வுப் பாடம் ஒன்றுமில்லை.
போட்டவர் எங்கள் உப அதிபருக்குச்
சொந்தக்காரராக இருக்க வேண்டும்.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அழுத்தினாள்.
ஐயோ என்றேன்.
எத்தனை ஆயிரம் பேருக்குப் புள்ளி போட்ட கை,
அதிலேயே ஒரு புள்ளி இருந்திருக்கிறது.
காதில் ஐந்து கறுப்பு விதைகளை
பிளாஸ்டர் வைத்து ஒட்டிவிட்டாள்.
நாளுக்கு மூன்று தரம் அழுத்து என்றாள்.
சம்பளத்தைக் கூட்டத் தன்னிடம் புள்ளி இல்லை என்றும்
சொன்னாள், சிரிக்காமல்.

இரவு,
இஞ்சி தட்டிப் போட்ட சுடுநீரில் காலை வைத்து
மடியில் விடைத்தாள்.
கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போன அதிர்வில்
சிவப்புப் பேனை பேசினுக்குள் விழுந்தது.
எடுக்கவில்லை.
தண்ணீர் மெல்ல ரோசாவானது, பாதங்களும்.
முப்பத்தொரு தாள் மிச்சம்.
அன்றைக்கு மூன்று மணி கேட்கவில்லை.
(அடுத்த நாள் கேட்டது.)

ஆசிரியர் அறையில் ருஸ்னாவுக்குத் தலைவலி.
கையைப் பிடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது,
வயிற்றில் பிள்ளை இருந்தால் இந்தப் புள்ளி ஆகாதாம்.
அழுத்தாமல் சும்மா வைத்திருந்தேன்.
அவளும் எடுக்கவில்லை.
மணி அடித்தது.

10 சீ-யில் கடைசி வாங்கு ஷப்ராஸ்
காதில் ஒரு பயறை ஒட்டிக்கொண்டு வந்திருந்தான்.
"அழுத்தினால் கணக்கு வருமா டீச்சர்?"
வராது என்றேன்.
"அப்ப உங்களுக்கு என்ன வருது?"
இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்று காலையும் துண்டு நீண்டது.
என் வலது கை இடது கையைப் பிடித்திருந்தது.
"டீச்சர்?"
ஒரு நிமிஷம், சேர்.
யீ, அர், சான்.
பதினெட்டு வரைக்கும் போக வேண்டும்.