நூற்றிருபது ஓம்

கனோராவில் மார்ச் என்றால்
குளிர் இன்னும் வாடகை பாக்கி வைத்திருக்கும் மாதம்.
மண்டபத்தின் பின்வாசலில் புஹ்டான்,
கையில் சாவிக்கொத்து, வாயில் தீர்ப்பு:
"அடுப்பில் ஒன்றுமில்லை, ட்வைலா. மாவில்தான் கோளாறு.
கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்."

போனவள் பெயர் ஒரீசியா.
சந்தைக்கென்று அவள் சுட்ட முப்பது பாஸ்கா ரொட்டிகள்
மேலே சடை பின்னி, முட்டை பூசி,
வெந்தும் வேகாத வெளிறல்.
கத்தி இறங்கினால் உள்ளே பிசின்.
முதலில் யீஸ்ட் பழசு என்றார்களாம்.
பிறகு, பால் ஆறுவதற்குள் ஊற்றிவிட்டாள்.
மூன்றாம் வாரம் கைராசி வரைக்கும் போயிற்று.

என் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் தொங்கவிட்டு
முந்நூற்றைம்பது வைத்தேன், பாரன்ஹீட்.
(இந்த நாட்டில் தெருவுக்கு ஓர் அளவு, அடுப்புக்கு ஓர் அளவு.)
இருபது நிமிடத்தில் கீச்சென்று கூவியது, தயார் என்று.
கண்ணாடி வழியே பார்த்தேன்:
இருநூற்றுத் தொண்ணூறு.

"என்னதான் அதற்கு?"
"சூடாகிவிட்டதாக நம்புகிறது."

மின்சாரத்தை அணைத்தேன். ஆறும்வரை
ஆறிப்போன காபி.
பிறகு இருவருமாக அடுப்பை முன்னுக்கு இழுத்தோம்;
பின்னால் ஒரு முள்கரண்டி, எலிப்புழுக்கை,
யாருக்கோ விழாமல்போன லாட்டரிச் சீட்டு.

சென்சார் என்பது பென்சிலைவிட ஒல்லியான குழல்.
நுனிக்குள் கடுகளவு பிளாட்டினம்.
சூடு ஏற ஏற மின்சாரத்துக்கு வழிவிட முரண்டு பிடிக்கும்.
அந்த முரண்டை அளந்துதான்
அடுப்பு தன் உடம்பை அறிகிறது.

புதியது ஒன்று வேனிலேயே இருந்தது,
எண்பத்துநாலு டாலர், அட்டைப்பெட்டி பிரிக்காமல்.
இரண்டு திருகு, பத்து நிமிடம், ஒரு பில்.
ஏன் மீட்டரை எடுத்தேன் என்று கேட்டால்
பதில் இல்லை. கை எடுத்தது.

குழலின் இரு கம்பிகளில் முனைகளை வைத்தேன்:
ஆயிரத்து எண்பத்தெட்டு.
ஆறிய அடுப்பில் அது சொல்ல வேண்டியதைத்தான்
சொல்லிக்கொண்டிருந்தது.
மேலே, பலகைக்குள் நுழையும் இடத்தில் வைத்தேன்:
ஆயிரத்து இருநூற்று எட்டு.

வழியில் யாரோ நூற்றிருபது சேர்த்திருக்கிறார்கள்.
கேட்கும் அடுப்புக்கு அது அறுபது டிகிரிப் பொய்.

முதுகுப்புறத் தகட்டைக் கழற்றினேன்.
கம்பிகள் கைகோக்கும் வெள்ளை பிளாஸ்டிக் இணைப்பான்,
உள்ளே பச்சை பூத்திருந்தது.
பக்கத்தில் பெரிய அண்டா.
வெள்ளிக்கிழமைதோறும் பிரோஹி வேகும் ஆவி
எத்தனை வருடமாக இந்தப் பொந்தில் போய்க் குடியிருந்ததோ.
அண்டாவுக்குப் பொறுப்பு யாரென்று நான் கேட்கவில்லை.
புஹ்டான் தானாகத் தொப்பியைக் கழற்றினார்,
உள்ளே வெக்கையில்லை.

அழுகியதை வெட்டி எறிந்து
பீங்கான் மூடிக்குள் கம்பிகளை முறுக்கினேன்.
மறுபடி முந்நூற்றைம்பது.
முந்நூற்று நாற்பத்தாறில் நின்றது.
மிச்சம் நாலு கடவுளுக்கு.

ஒரீசியாவுக்கு அவர்தான் போன் போட்டார்,
ஒலிபெருக்கியில், சாட்சிக்கு நான்.
"அடுப்புதான், ஒரீசியா. அறுபது டிகிரி குறைச்சல்."
"தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்பே
என் தெர்மாமீட்டர் காட்டிற்று."
"அப்போதே சொல்லியிருக்கலாமே?"
"சொன்னேன். தெர்மாமீட்டர் பழசு என்றீர்கள்."

குழாயில் சொட்டு விழுந்தது. இன்னொன்று.

பில்லில் 'பழுதான பாகம்' என்றொரு கட்டம்.
சென்சார் என்று போட்டுவிடு, என்றார்,
குழுவில் எல்லோருக்கும் சட்டென்று புரியும்.
'இணைப்பான்' என்று எழுதி
அழுத்திக் கோடு போட்டேன், கார்பன் தாள்வரை இறங்க.

பிரிக்காத பெட்டி வேனில் என் பக்கத்து இருக்கையில்.
வளைவுகளில் சரிந்துகொண்டே வந்தது,
பிடித்துப் பிடித்து ஓட்டினேன்.