ஆட்டம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
கீழே பவர் பிரஸ்களின் இடி, மேலே எங்கள் அறை.
மேசையில் ஒன்பது தகடுகள், மூன்றுக்கு மூன்று,
எல்லாம் நாற்கோணம்,
ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.
எதுவும் தனியே வளையக் கூடாது.
மொத்தமும் மடங்க வேண்டும்.

மனம்போல் கோணம் வைத்தால்
பன்னிரண்டு கீல் இருந்தும் கல்லாய்க் கிடக்கும்.
உள்ளே நான்கு முனைகள்.
மூன்று ஒப்பி ஒன்று முரண்டினால்
முரண்டியதே ஜெயிக்கும்.

பதினோரு இரவு நிரல் ஓடியது.
ஒரு பள்ளத்தில் விழுந்து, இதுதான் அடி என்று
எழ மறுத்தது இரண்டு நாள்.
ஷர்வாணி தொடக்கக் கோணங்களை
சீட்டுக்கட்டுபோல் கலைத்து விட்டாள்.
பிழையில் புள்ளிக்குப் பின் சுழியங்கள் நீண்டன,
ஒன்பது, பத்து, பன்னிரண்டு.
திரையில் அது மடங்கி விரிந்தது,
சத்தமே இல்லாமல்.

அலுமினியத்தில் அசையவில்லை.

மல்லேஷப்பா ஊசி அரத்தை எடுத்தார்.
துளைக்குத் துளை ஒரு மயிரிழை.
"ஈக நோடி" என்றார். ஆடியது.
ஆட்டம் வைத்தால் கதவு நிலைகூட ஆடும்.
தளர்ந்து ஆடுவது வேறு,
சரியாக இருப்பதால் அசைவது வேறு.
இதைச் சொல்ல என் கன்னடம் போதவில்லை.
தமிழ் போதுமா, அதுவும் தெரியவில்லை.

அன்று மாலை வரைபடத்தைத் திறந்தேன்.
ஐந்தாம் தகடு, அறுபத்து மூன்று டிகிரி.
நிரல் கொடுத்தது அறுபத்து மூன்று புள்ளி நான்கு ஏழு.
பார்க்க அழகாயிருக்கட்டும் என்று
புள்ளியையும் பின்னால் வந்ததையும் வெட்டியது
நான்தான்.
ஷர்வாணியிடம் சொல்ல
ஒரு டீ நேரம் ஆயிற்று.

புதிய தகடுகள். இறுக்கமான ஊசிகள்.
மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது,
கீழே இடியும் நின்றது.
போன் வெளிச்சத்தில்
முதல் தகட்டின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டேன்.
எதிர்மூலையில் ஒன்பதாவது தலை தூக்கியது,
யாரும் தள்ளாமல்,
என் விரலுக்கு முன்பே தெரிந்ததுபோல்.
நடுவில் எல்லாம் தம் வழியில் சாய்ந்தன,
ஒன்றும் வளையவில்லை,
யாருமே பேசவில்லை.

எழுபத்தொரு டிகிரியில்
ணங்.

இரண்டாவதும் எட்டாவதும் முட்டி நின்றன.
திரையில் ஒன்றையொன்று ஊடுருவிப் போனவை,
பேய்களைப்போல்.
உலோகத்துக்கு உடம்பு உண்டென்று
சமன்பாட்டிடம் நாங்கள் சொல்லவே இல்லை.

மல்லேஷப்பா குனிந்து
முட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடிட்டார்.
"இதுக்கு அரம் வேணுமா, கணக்கு வேணுமா?"
என்று தமிழில் கேட்டார்.

ஷர்வாணி என்னைப் பார்த்தாள்.
அரம் என் பக்கம் கிடந்தது.