இரண்டு விநாடி

கொத்தனூ துறைமுகம், ஏழாம் கிடங்கு.
மலேரியா மாத்திரைப் பெட்டிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணி எழுதுவது என் வேலை.
முத்திரைகளில் ஒரு பிசிறு இல்லை.
போலி எப்போதுமே நேர்த்தியாகத்தான் இருக்கும்
என்றாள் மருந்து ஆய்வாளர் அஃபியாவி.

புற ஊதா விளக்கை அடித்தாள்.
எல்லாம் ஒளிர்ந்தன.
லாரி ஓட்டிவந்த தொசுவின் சட்டையும்,
சலவைத்தூள் மிச்சம்.
சுவரோரம் ஒரு தேள்கூட.
விளக்கு எரிகையில் ஒளிர்வதற்கு
யாருக்கும் தகுதி வேண்டியதில்லை.

அணைத்தாள்.

சட்டை போயிற்று.
தேள் எங்கோ.
பெட்டிகள் அடுக்கடுக்காய் இருட்டில் விழுந்தன.
பதினொன்று மட்டும் விழவில்லை.
பச்சையாக,
வாங்கிய வெளிச்சத்தை விட மனமில்லாமல்
ஒன்று
இரண்டு
பிறகு அவையும்.

உலோகமே கிடையாது இந்த மையில்,
வெறும் கரிமச் சேர்மம்,
இறுகிக் கிடப்பதால் ஒளி சட்டென்று கசியாது
என்று அவள் சொல்லிக்கொண்டே போக,
தொசு பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான்.
நான்கு குழிகள் காலி.
"போன வாரம் வாங்கியது. மகளுக்கு."

விளக்கு. இருட்டு.
ஒன்றுமில்லை.

"அட்டையில் தெரியாது. மை பெட்டியில்தான்.
பெட்டி எங்கே?"

"பொம்மைக்குக் கட்டில் செய்திருக்கிறாள்."

கிடங்கில் கொசுச் சத்தம் மட்டும்.
அஃபியாவி விளக்கை அவன் கையில் வைத்தாள்.
அரசாங்கச் சொத்து, வெளியே போகக் கூடாது.

பதிவேட்டில் எழுதினேன்:
விளக்கு ஒன்று, கிடங்கில் உள்ளது.
பிசிறில்லாத கையெழுத்தில்.