5.07

சொன்னதும் திரை அணையும்.
விசிறி மூச்சை அடக்கும்.
பெட்டியின் நெற்றியில் சின்ன விளக்கு
நிதானமாய் இமைக்கத் தொடங்கும்.
வெல்கா காலுறை மாட்டி, தொப்பி தேடி,
மூன்றே முக்காலுக்குக் கதவைப் பூட்டுவாள்.

மதியம் திரும்பினால் அறை வெதுவெதுப்பு.
பெட்டி விழித்திருக்கும்,
ஆளில்லாத நாற்காலிக்கு
ஏதோ ஓர் ஏரியின் படத்தைக் காட்டியபடி.

தூங்குகிறவரை எழுப்பலாம்,
தூங்குவதாய் நடிப்பவரை எழுப்ப முடியாது. சரி.
சொன்னவுடன் சமர்த்தாய்த் தூங்கிவிட்டு
ஆள் தலை மறைந்ததும் எழுந்துகொள்வதை
என்ன செய்ய?

லியபாயாவில் அக்டோபர்.
இருபத்துநான்கு வீட்டுத் தண்ணீர்க் கணக்கோடு
குடியிருப்புச் சங்கம் அவள் தலையில் கட்டிய கணினி.
மின்கட்டணம் மட்டும் அவளுடையது.

முதலில் வலைப்பின்னல் அட்டையைச் சந்தேகித்தாள்.
‘மாயப் பொட்டலம்’ ஒன்றை அனுப்பினால்
தூரத்திலிருந்தே எழுப்பலாமாம்.
பெயரைப் படித்ததுமே நம்பிக்கை போயிற்று,
அந்த வழியை அடைத்தாள்.
பின்னிரவில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள
அது ரகசியமாய் வைத்திருந்த அலாரத்தைக் கலைத்தாள்.
ஒரு ஞாயிறு, அடித்தளத்து நீலத் திரைவரை இறங்கி,
பாதி புரிந்து,
எதையும் தொடாமல் ஏறி வந்தாள்.

‘பூனைதான்’ என்றான் விஸ்வால்டிஸ்,
டிப்போவில், தேநீரில் மூன்றாவது சர்க்கரையைக் கரைத்தபடி.
என்னிடம் பூனை இல்லை.
‘அப்படியென்றால் எலி.’
தன் பகடிக்குத் தானே சிரித்தான்.

அன்று மாலை கறுப்புச் சன்னலைத் திறந்து
கட்டளையாய்த் தட்டினாள்:
கடைசியாக உன்னை எழுப்பியது யார்?
ஒரு துளையின் பெயரும் நீண்ட எண்ணும் வந்தன.
பதிவேட்டைப் புரட்டினாள்.

திங்கள் 5.07
செவ்வாய் 5.07
புதன் 5.11
வியாழன் 5.07
வெள்ளி 5.08

இந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று
நினைக்கக்கூட நேரமில்லை.
கால அட்டவணையில் தினமும் அவள் கட்டைவிரல் பதிகிற வரி.
நாளின் முதல் டிராம்
இந்தச் சன்னலுக்குக் கீழே திரும்புகிற நிமிடம்.
புதன் அவளுக்கு ஓய்வு,
விஸ்வால்டிஸ் ஓட்டுவான், என்றைக்கும் நான்கு நிமிடம் தாமதம்.
வெள்ளிக்கிழமை, ஆமாம்,
நாய்க்குட்டியைக் கோட்டுக்குள் ஒளித்த ஒருத்தி
படியில் நின்று சில்லறை தேடினாள்.

வளைவில் சக்கரம் ஒருமுறை அடித்துக்கொள்ளும்.
மூன்றாம் மாடியில் மேசை மயிரிழை நகரும்.
மவுஸின் வயிற்றிலிருக்கும் சிவப்புக் கண்
யாரோ வந்துவிட்டார்கள் என்று ஓடிப்போய்ச் சொல்லும்.
பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் தூங்கு என்பது ஏற்பாடு.
டிராம் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று.
பாவம், அதற்கு மூன்று நிமிடம் குறைகிறது, நாள் முழுக்க.

எலிதான்.
அவனிடம் சொல்லப்போவதில்லை.

‘இக்கருவி கணினியை எழுப்ப அனுமதி’:
கட்டத்துக்குள் ஒரு சின்னக் குறி.
நீக்கினாள்.
அவ்வளவுதான் வேலை, பதினேழு நாள் வேலை.

மறுநாள் வளைவில் வேகத்தைக் குறைத்து
கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தாள்.
இத்தனை நாளும் அங்கே நீல வெளிச்சம் எரிந்திருக்கும்,
அவள் வந்ததற்காக.
இப்போது மற்றச் சன்னல்களைப் போல ஒரு சன்னல்.
பின்னால் யாரோ இருமினார்கள். கைப்பிடியைத் தள்ளினாள்.

புதன்.
அலாரம் வைக்கவில்லை. வேலை இல்லை.
இருட்டில் கண் திறந்துகொண்டது.
அடுத்த அறையில் சின்ன விளக்கு
நிதானமாய் இமைத்தபடி இருந்தது.
மணி பார்க்கத் தேவையில்லை.
நான்கு நிமிடம் படுத்தபடியே காத்திருந்தாள்.
வளைவில் சக்கரம் அடித்துக்கொண்டது,
குவளைக்குள் கரண்டி ஒருமுறை சிணுங்கியது.

இன்று ஐந்து நிமிடம், விஸ்வால்டிஸ்.