பெயர்த்தகடு

இருபது கொண்டை ஊசியும் ஏறி
ஏற்காடு சேர்ந்தபோது மணி ஒன்பதே கால்.
ஃப்ரீசர் பெட்டிக்குள் மரியசூசை.
சுற்றிலும் மெழுகுவர்த்தி, சம்மங்கி, வாடகை நாற்காலிகள்.
"கேஸ் போட்டாப் போதும் தம்பி" என்றார் யாரோ,
டீக்குச் சர்க்கரை சொல்வதுபோல.

பெட்டி எனக்குப் புதுசு.
அதன் பெயர்த்தகட்டின் மேல்
வெள்ளிப் பெயின்ட் அடித்து
தன் கைபேசி எண்ணை எழுதியிருந்தார் கடைக்காரர்.
எத்தனை கிராம் என்பது
அந்த எண்ணுக்கு அடியில்.
அழைத்தேன்.
"உத்தேசமா போடுங்க" என்றார் சடகோபன்.

கம்ப்ரசரின் வயிற்றில் மட்டும் 134ஏ என்று முத்திரை.
வாயுவின் பேர் தெரிந்தது, அளவு தெரியவில்லை.

சோப்பு நுரை பின் வால்வில் கொப்புளம் ஊதியது.
மாற்றினேன்.
மிச்சத்தை வேறு சிலிண்டரில் இறக்கி
வேக்குவம் பம்ப்பை ஓடவிட்டேன்.
அதன் இரைச்சலுக்கு மேலே
ஒரு ஜெபமாலை முழுசாகச் சொல்லி முடித்தார்கள்.

தராசில் நூற்றிருபது கிராம்.
தலைமாட்டில் பனி; கால்மாட்டில் வெறும் தகரம்.
பத்து.
பொறு.
பத்து.
ஊசியை முழுசாக நம்ப முடியாது:
இங்கே காற்று மெலிசு,
அது பழகியது அம்மாப்பேட்டைப் பூஜ்ஜியம்.
"சும்மாவே உக்காந்திருக்கானே."
"இன்னும் ஏத்துப்பா, பையன் மஸ்கட்லருந்து வரணும்."

ஏற்றலாம்.
ஊசி எழும், இவர்களுக்கும் ஆறுதல்.
மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்து
அறை குளிர்ந்ததும்
திரவமாகவே திரும்பி வந்து
கம்ப்ரசரை உடைக்கும்.
அப்போது நான் அடிவாரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பிலோமினா அம்மாள் எழுந்து வந்து
என் தராசைப் பார்த்தார்.
"எஸ்டேட்ல பழம் நிறுக்கிற வேலை இவருக்கு.
ஒரு பழம் கூடினாலும் எடுத்துருவார்,
குறைஞ்சா போடுவார்.
ரெண்டு பக்கமும் திட்டுவாங்க."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
மெழுகுவர்த்தியை மட்டும்
என் கைப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

நூற்றெழுபதில்
பனி அவர் கால்மாட்டைத் தொட்டது.
திரும்பும் குழாய் வேர்த்தது, உறையவில்லை.
ஆம்பியர் ஒன்று புள்ளி ஒன்று.
கதவைத் திறந்து வைக்கச் சொல்லி
மலைக்காற்றிலும் அரைமணி பார்த்தேன்.

கிளம்பும்போது
சடகோபனின் எண்ணுக்குப் பக்கத்தில்
ஆணியால் கீறினேன்:
134ஏ. 170 கிராம். ஏற்காடு, குளிர் ராத்திரி.

அடுத்து வருகிறவன் நம்புவானோ என்னவோ.
நம்பாமல் அவனும் ஒருமுறை
நிறுத்துப் பார்த்தால் நல்லது.