படிக்கல்

டோர்ன்ஃபோன்டைனில் வெள்ளிக்கிழமை
என் கூடைக்கு முதல் கதவு ஹிண்டாவுடையது.
ரொட்டி அடுப்பேறும் முன்
மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி
நெருப்பில் போடுவாள்.
யாருக்கு என்று ஒருமுறை கேட்டேன்.
மேலே காட்டினாள். பிறகு
ஜன்னலோரம் கிடந்த புத்தகத்தைக் காட்டினாள்.

வலமிருந்து இடம் போகிற புத்தகம்.
லித்துவேனியாவிலிருந்து தலையணை உறைக்குள்
கப்பலேறி வந்ததாம்.
கோயில் எபிரேயம் இல்லை,
அடுப்படியில் பேசுகிற இத்திஷ்.
"பெண்களுக்கு எழுதினது. அப்புறம்
அவ்வளவாகப் படிக்காத ஆம்பிளைகளுக்கும்."
சொல்லிவிட்டு, புருஷன் தூங்கும் அறைப்பக்கம்
பார்த்துச் சிரித்தாள்.
மெழுகு சொட்டிய ஒரு தாளில் மட்டும்
அடுத்த பக்கத்து எழுத்தும் தெரிந்தது.

அரைகுறை டச்சிலும் கைஜாடையிலும்
அவள் சொன்னதில் நினைவிருப்பவை:
நாக்குக்கு இரண்டு மதில், பல் ஒன்று, உதடு ஒன்று;
ஆனாலும் எகிறிக் குதித்துவிடும்.
வேலைக்காரியின் கூலி
உன் வீட்டில் இராத்தங்கக் கூடாது.
கோபம் வந்தால்...
இந்த இடத்தில் பால் பொங்கிவிட்டது.
கோபத்துக்கு என்ன செய்வதென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளி
நாலு பவுண்டு உருளைக்கிழங்கு, ஒரு கட்டு பீட்ரூட்.
கணக்குத் தீர்த்து, டிராம் தண்டவாளம் தாண்டி
பெய்ட் தெரு வரை வந்துவிட்டேன்.
பின்னால் செருப்புச் சத்தம்.
கையெல்லாம் மாவு, நழுவின தலைத்துணி,
வெயிலில் மூச்சு வாங்க நிற்கிறாள்.
"டிக்கி," என்றாள்.
மீதிச் சில்லறையில் ஒரு மூன்று பென்னி
கூட வந்துவிட்டதாம்.
"சாயங்காலம் விளக்கேற்றணும்.
உன் காசு மேசையில் கிடக்க
எப்படி ஏற்றுவேன்?"

வாங்கிக்கொண்டேன்.
மாவு ஒட்டிய டிக்கி, சட்டைப்பையில் ஈரமாய்.

கூடைக் கோணிக்கு அடியில்
நாலு பவுண்டுப் படிக்கல் இருந்தது.
வ்ரீடடார்ப்பில் ஒருவன்
அடியில் குடைந்து, ஈயம் எடுத்து,
அரக்கு அடைத்துத் தந்தது.
மூன்று வருஷமாக அவள் வீட்டுக் கிழங்கு
கொஞ்சம் இளைத்தே உள்ளே போனது.

எங்கள் பேச்சில்
படி என்றால் வாசி. படி என்றால் அளவு.
எனக்கு முதலாவது வராது.
இரண்டாவது வரும், ஆனால்.

அடுத்த வெள்ளி
வேறு கல், முழுக்கல், கொண்டுபோனேன்.
கிழங்கின் மேல் நாலு எலுமிச்சம்பழமும் வைத்தேன்.
கேட்கவில்லையே என்று
நாலையும் எடுத்துக் கூடையில் போட்டாள்.
பிறகு தட்டைப் பார்த்தாள்,
கிழங்கைப் பார்த்தாள்.
"இந்த வாரம் ஜாஸ்தியாக இருக்கே," என்றாள்,
மடியில் காசு தேடிக்கொண்டே.

பல்லுக்குப் பின்னால், உதட்டுக்குப் பின்னால்
என் நாக்கு
பேசாமல் கிடந்தது.